மலைக்குக் கூட்டிப் போகிறவள்

காய்கறி மொத்தச் சந்தையில் லாரிகள் வந்து நின்றதும் முதலில் கிளம்புகிற சத்தம் ஏலக்காரருடையதாகத்தான் இருக்கும். தக்காளிப் பெட்டி மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, உள்ளங்கையைக் காதோரம் குவித்துக்கொண்டு அவர் விலை கூவ ஆரம்பித்தால், அடுத்த தெரு டீக்கடைக்காரர் கூட்டம் வரப்போகிறது என்று அடுப்பைப் பெரிதாக்குவார். தொண்டைக்கு அப்படி ஒரு வாகு. தகரக் கூரையில் மழை கொட்டுகிற நாளிலும் கடைசியில் நிற்கிற சில்லறை வியாபாரிக்கு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் போய்ச் சேரும்.

"இவ்வளவு மூச்சை எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்பார்கள்.

"வயித்துலதான். சோறு போக மிச்ச எடத்துல" என்பார்.

அந்த மனிதருக்குத்தான் திக்கிப் பேசுகிற மகள் பிறந்தாள். ஒரே மகள். இருபத்தைந்து வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

வார்த்தை முட்டிக்கொண்டு நிற்கும்போது அவள் தாடை இறுகும், கண் ஒரு பக்கமாகப் போய் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலக்காரரால் ஆகாது. தயங்குகிற வியாபாரிக்கு விலையை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் அது. "என்னம்மா, தண்ணியா? தலைவலியா? தலகாணியா?" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். அவளும் ஏதோ ஒன்றுக்குத் தலையை ஆட்டிவிடுவாள். தட்டு கேட்க வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன நாட்கள் உண்டு.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி பறக்கிற போர்வைகளை இழுத்து, உதறி, நாலாக மடித்து அடுக்க வேண்டும். வீட்டுத் துணியையும் அதே மாதிரிதான் மடிப்பார். மகள் பேச வந்தால் மடிப்பை நிறுத்தமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். வார்த்தை வருகிறபோது வரட்டும் என்று கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் மகள் எதையாவது முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் அம்மா துணி மடிக்கிற நேரமாகப் பார்த்து வருவாள்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

நகரத்திலிருந்து மலையூருக்குக் காலையில் கூட்டிப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற சுற்றுலாக் கம்பெனி ஒன்றில் அவள் வேலைக்கு இருந்தாள். பஸ் கண்ணாடி துடைப்பது, தண்ணீர் பாட்டில் கொடுப்பது, இறங்கினவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பது. பேச்சு தேவைப்படாத வேலை. மைக் பிடித்து வழியெல்லாம் விளக்கம் சொல்ல வேறொரு ஆள் இருந்தார். இப்போது அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மகள் முதலாளியிடம் போய் நின்று, அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"வ... வர்ற ஞாயித்துக்கிழமை நான்தான்மா. புகார் வரலைன்னா அடுத்த வாரமும் நான்தான்."

"வந்தா?"

"ப... பழைய வேலை."

அம்மா போர்வையை இரண்டாக மடித்தவர் நாலாக மடிக்க மறந்து அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள் மகள். அம்மாவும் சரி என்றார். மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போடும்போது வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டார்.

ஏலக்காரருக்குக் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மைக்கா? இவ கையிலயா? அந்த ஆளுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"அவரா குடுக்கல. இவதான் கேட்டு வாங்கியிருக்கா."

"சிரிப்பாங்கடி. பஸ் நெறைய ஆளு. மலைப்பாதை வேற, இறங்கி ஓடவும் முடியாது."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன, நீ வாயில்லாத துணியோட வேலை பாக்குற. கூட்டம்னா என்னன்னு என்னைக் கேளு. ஒருத்தன் சிரிச்சாப் போதும், மொத்தமும் பத்திக்கும்."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சந்தை முடிந்து வரும்போது சட்டைப்பையில் இரண்டு பயணச்சீட்டு இருந்தது. வேறொரு ஏஜென்டு மூலமாக வாங்கியது. டிரைவருக்கு அடுத்தபடி, முன்வரிசை.

"அவ எங்கயாவது மாட்டிக்கிட்டா எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணாமா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பாசம் இருந்தது, அம்மாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. தான் கூடப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பிடித்துவைக்கவாவது செய்யலாம் என்று நினைத்து, சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. பஸ் வாசலில் மகள் நின்றிருந்தாள். கம்பெனியின் நீலக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். ஏறுகிறவர்களின் குடையை வாங்கி உதறி, மடக்கி, கையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த குடை அம்மாவுடையது. அவள் அதை உதறினாள், மடக்கினாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பா, நாங்க சும்மா மலையைப் பாக்கலாம்னு..." என்றார் ஏலக்காரர்.

"டி... டிக்கெட் காட்டுங்க."

காட்டினார். அவள் சீட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"முன் சீட்டு வயிறு பி... பிரட்டுறவங்களுக்கு. நீங்க கடைசி வரிசைக்குப் போங்க."

"எனக்கெல்லாம் வயிறு பிரட்டாது."

"அதான் பின்னாடி போகச் சொல்றேன்."

டிரைவர் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏலக்காரர் இரண்டு பக்கமும் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடைசி வரைக்கும் நடந்தார். பஸ் குலுங்குவதெல்லாம் முதலில் வந்து சேருகிற இடம் அது. "பெத்த அப்பனை எங்க கொண்டாந்து உக்கார வைக்கிறா பாரு" என்று முணுமுணுத்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

நகரம் தாண்டியதும் மகள் மைக்கை எடுத்தாள். அம்மாவின் கை தானாக ஏலக்காரரின் முழங்காலில் போய் உட்கார்ந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். என் பேச்சு கொஞ்சம் தி... தி..."

நின்றுவிட்டது. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. நடு வரிசையில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞன், "தித்திப்பா இருக்குமா?" என்றான். அவன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். ஏலக்காரரின் முழங்கால் துள்ளியது. அம்மா அழுத்திப் பிடித்தார்.

"திக்கும்" என்று மகள் முடித்தாள். "தித்திப்பா இருக்கான்னு சா... சாயங்காலம் சொல்லுங்க. டிரைவர் அண்ணன் வளைவுல மெதுவாப் போவாரு. நான் வார்த்தையில மெதுவாப் போவேன். ரெண்டு பேருமா உங்களைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஒரே ஒரு உதவி வேணும். யாரும் எனக்கு வார்த்தையை எடுத்துக் கு... குடுக்காதீங்க. அது பெரும்பாலும் நான் சொல்ல வந்த வார்த்தையா இருக்காது."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி கை தட்டினார். ஓய்வு பெற்ற நர்ஸ் என்று ஏறும்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர். மூட்டுவலிக்காரர். தனியாக வந்திருந்தார்.

"நம்மளைத்தான் சொல்றா" என்றார் ஏலக்காரர் மெதுவாக.

"எல்லாரையும்தான் சொல்றா. நீங்களும் அதுல ஒரு ஆளு."

மலையடிவாரத்தில் நிறுத்திக் காலைச் சாப்பாடு கொடுத்தார்கள். ரொட்டி, வேகவைத்த முட்டை, ஆவி பறக்கிற டீ. காற்று தட்டை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. மகள் ஒவ்வொருவரிடமும் போய், குழந்தைக்குப் பால் வேண்டுமா, யாருக்காவது எலுமிச்சம்பழம் வேண்டுமா என்று விசாரித்தாள். அப்பா அம்மாவிடமும் வந்தாள். மற்றவர்களிடம் நின்ற அதே நேரம்தான் நின்றாள். "உ... உப்பு போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றார்கள். போய்விட்டாள்.

பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே வந்தது. சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் முட்டைக்கோஸ் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஏலக்காரருக்கு எல்லாக் கவலையும் மறந்துபோயிற்று. "அடியே, இங்க பாரு! நம்ம சந்தைக்கு வர்ற கோஸு இதுதான். இவ்வளவு செங்குத்தா இருக்கே, மூட்டையை எப்படி இறக்குறான்?" என்று ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மகளே அதைச் சொன்னாள். கம்பியில் தொங்குகிற தொட்டிலில் மூட்டையை வைத்து, சரிவின் மேலிருந்து சாலைக்கு விடுவார்களாம். அவள் எப்படிச் சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்தவர், அவள் சொன்ன விஷயத்தில் விழுந்துவிட்டார். "அப்படியா!" என்று வாய்விட்டே சொன்னார்.

அவள் நன்றாகத்தான் சொன்னாள். முட்டும், நிற்கும், மறுபடி வரும். ஆனால் சொல்ல வேண்டியதை எதுவும் விட்டுவிடவில்லை. சிவப்பு ஜாக்கெட் இளைஞன்கூட இரண்டு கேள்வி கேட்டான்.

அந்தத் தைரியத்தில்தான் ஏலக்காரர் கெட்டார்.

ஆற்றின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு பழைய பாலம் தெரிந்தது. மகள் மைக்கில், "இப்ப இடது பக்கம் தெரியறது இந்த ஊருக்காரங்க ரொம்பப் பெருமையா சொல்ற பா... பா..." என்று நின்றாள். தாடை இறுகியது. கண் ஒரு பக்கமாகப் போனது. அம்மாவின் கை முழங்காலுக்குப் போவதற்குள் ஏலக்காரர் எழுந்துவிட்டார்.

"பாலம்!"

சந்தையின் கடைசி மூலைக்குப் போகிற குரல் அது. மூடிய பஸ்ஸுக்குள் வெடி போட்ட மாதிரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. டிரைவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

மகள் மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். காத்திருந்தாள். குழந்தை அடங்கியதும் மறுபடி எடுத்தாள்.

"இல்லீங்க ஐயா. பாறை. பாலத்துக்கு இன்னும் ரெண்டு வளைவு இருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. கூட்டம் சிரித்தால் மொத்தமும் பற்றிக்கொள்ளும் என்று அவர் சொன்னது சரிதான், சிரித்தது அவரைப் பார்த்து. நர்ஸ் அம்மா எழுந்து நின்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்யா, அந்தப் பொண்ணு முதல்லயே சொல்லுச்சா இல்லையா? பெரிய மனுஷன்தானே நீங்க? ஒரு நிமிஷம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?" என்று விரலை ஆட்டினார்.

ஏலக்காரர் உட்கார்ந்தார். மலையூர் வரும்வரை அவர் முட்டைக்கோஸைக்கூடப் பார்க்கவில்லை.

மலையூரில் மேகம் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தது. கம்பளிக் கடைகள், சூடான சூப் விற்கிற வண்டிகள், மழையில் பளபளக்கிற கற்கள் பாவிய ஏற்றத் தெரு. மகள் எல்லோரையும் ஏரிக்கும் பழைய மணிக்கூண்டுக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கடைகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி விட்டிருந்தாள். ஏலக்காரர் சுட்ட மக்காச்சோளம் ஒன்றை வாங்கிக்கொண்டு குட்டைச் சுவரில் தனியாக உட்கார்ந்துவிட்டார். மகள் டீ வண்டிக்குப் பின்னால் நின்று கோப்பையில் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் போய் நின்றார். மடிக்க ஒன்றுமில்லாததால் தன் சால்வையையே எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா கூட்டிட்டு வந்தே?"

"நான் எங்கடி கூட்டிட்டு வந்தேன்? அவரைப் புடிச்சுக்கத்தான் வந்தேன். புடி நழுவிடுச்சு."

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கோவம் இல்லம்மா. அவரு இருந்தா எனக்குத் திரும்ப ஏ... ஏழு வயசாயிடுது. நாக்கு தானா போய் மேல ஒட்டிக்குது. வெளி ஆளுங்ககிட்ட எனக்கு இவ்வளவு திக்காது. காலையிலேருந்து அந்தக் கடைசி வரிசையைப் பாக்காமப் பே... பேசிட்டிருக்கேன்."

"அப்ப நாங்க வேற பஸ்ல போயிடறோம். கோச்சுக்க மாட்டோம்."

மகள் டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையை வைத்தாள்.

"வேணாம். என் பஸ்ல ஏறினவங்களை நான்தான் கொண்டுபோய் இறக்குவேன்."

சொன்ன விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. அம்மா சால்வையைப் பிரித்து மறுபடி போர்த்திக்கொண்டார். குளிர் தெரியவில்லை.

திரும்பும்போதுதான் அது நடந்தது. மதியத்திலிருந்து பெய்த மழையில் மேலே எங்கோ மண் சரிந்திருந்தது. பாதி இறக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். மகள் குடையை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனாள். போனவள் வர நேரமாயிற்று.

பஸ்ஸுக்குள் முதலில் முனகல். பிறகு பேச்சு. பிறகு கூச்சல். ஒருவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒருவர் சர்க்கரைக்காரர், மாத்திரை நகரத்து வீட்டில் இருக்கிறது. குழந்தையின் அம்மா அழ ஆரம்பித்தாள். சிவப்பு ஜாக்கெட் இளைஞன் எழுந்து டிரைவரிடம் போய், "ஓனர் நம்பரைக் குடுங்க! இதுக்கெல்லாம் அனுபவப்பட்ட ஆளை அனுப்ப மாட்டீங்களா?" என்று கத்தினான். அவனுக்கு மேல் இன்னொருவர் கத்தினார். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தை மாதிரிதான் இருக்கும்.

அந்த நேரத்தில் மகள் ஏறினாள். கணுக்கால் வரை சேறு. கோட்டு ஒட்டிப்போயிருந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மைக்கை எடுத்தாள்.

கடைசி வரிசையில் ஏலக்காரரின் கை காதோரம் குவிந்துவிட்டது. ஒரு சத்தம் போதும், இந்த இருபது பேரும் கப்பென்று அடங்கிவிடுவார்கள். அதை அவர் தினமும் செய்கிறவர். அம்மா அவரைத் தொடவில்லை. என்ன செய்தாலும் செய்யட்டும் என்று முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர் காதோரம் இருந்த கையை இறக்கினார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ந..." என்றாள் மகள் மைக்கில். "ந... ந..."

வரவில்லை. அன்றைக்கு அவள் மாட்டிக்கொண்டதிலேயே பெரிய இடம் அதுதான். ஸ்பீக்கரில் அந்த ஓர் எழுத்து மட்டும் முட்டி முட்டி நின்றது. அவள் கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நின்றாள். முன்வரிசையில் யாரோ, "இருங்க, ஏதோ சொல்ல வர்றா" என்றார்கள். ரயிலுக்குப் போக வேண்டியவர் பேச்சை நிறுத்தினார். "ஷ்ஷ்" என்றார் நர்ஸ் அம்மா. இளைஞனின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், அவனும் நிறுத்தினான். ஒவ்வொருவராக அடங்கி, கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு பஸ் அமைதியாயிற்று.

"நடக்கணும்" என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். மண் பாதிச் சாலைக்கு வந்து நின்றுவிட்டது. வண்டி இன்றைக்குப் போகாது. ஆட்கள் நடக்கிற அளவுக்குச் சாலைப் பணியாளர்கள் ஒதுக்கிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மேலே வர வேண்டிய வேறொரு கம்பெனி பஸ் நிற்கிறது. அந்த பஸ்ஸோடு வந்த ஆளிடம் பேசிவிட்டாள், இரண்டு முதலாளிகளிடமும் போனில் சம்மதம் வாங்கியாயிற்று. அவர்கள் நடந்து இந்த பஸ்ஸில் ஏறி மேலே போவார்கள், நாம் நடந்து அந்த பஸ்ஸில் கீழே போவோம்.

"நா... நான் ரெண்டு தடவை நடந்து பார்த்துட்டேன். சேறுதான், வழுக்காது. கயிறை விடாதீங்க. இருட்டுறதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

எல்லோரும் பையை எடுத்தார்கள்.

பனிக்குள் வரிசையாக இறங்கினார்கள். யார் யாரோடு போவது என்று அவளே பிரித்தாள். "நீங்க நல்லா ஓங்குதாங்கா இருக்கீங்க, குழந்தையைத் தூக்கிக்கங்க" என்று சிவப்பு ஜாக்கெட்டிடம் சொன்னாள். அவன் ஜாக்கெட்டைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டான். கடைசியாக இறங்கியவரிடம் வந்தாள்.

"அப்பா, நர்ஸ் அம்மாவுக்கு மூ... மூட்டு வலி. தோளைக் குடுங்க."

"சரிம்மா" என்றார். தோளைச் சாய்த்துக் கொடுத்தார்.

ஒரு பக்கம் பச்சை மண் வாசனையோடு சரிவு, இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டாத வெள்ளை. எதிரில் அந்த பஸ்காரர்கள் வந்தார்கள். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்தன. முன்பின் தெரியாதவர்கள், "பார்த்துப் போங்க", "அங்க கொஞ்சம் பள்ளம்" என்று சொல்லிக்கொண்டார்கள். நடுவில், பள்ளம் இருந்த இடத்தில், மகள் ஒரு காலைச் சேற்றில் ஊன்றி நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தாண்டவிட்டாள். இந்தப் பக்கத்துக்காரர், அந்தப் பக்கத்துக்காரர் என்று அவள் பார்க்கவில்லை.

நர்ஸ் அம்மா ஏலக்காரரின் தோளில் கனமாகத் தொங்கிக்கொண்டு வந்தார். "கெட்டிக்காரி. எங்க வார்டுல இப்படி ஒருத்தி இருந்திருந்தா பாதி நோயாளிக்குப் பயத்துலயே வியாதி ஏறியிருக்காது" என்றார்.

"என் பொண்ணுதான்" என்றார் ஏலக்காரர்.

"யாரு?"

"அந்தக் கெட்டிக்காரி. நான் பெத்த பொண்ணு."

நர்ஸ் அம்மா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா சொல்லாதீங்க. பெத்த பொண்ணு பேசறப்ப யாராவது அப்படிக் கத்துவாங்களா?"

"அப்பான்னு கூப்பிட்டாளே இப்ப, கேக்கலையா?"

"டிரைவரைக்கூடத்தான் அண்ணன்னு கூப்பிடுறா. அது மரியாதைங்க."

ஏலக்காரர் அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாமென்று திரும்பினார். அம்மா சற்றுப் பின்னால் சர்க்கரைக்காரரின் பையைச் சுமந்துகொண்டு வந்தார். கேட்டும் கேட்காதவர் மாதிரி கயிற்றையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

புது பஸ்ஸில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். எல்லோர் காலிலும் ஒரே சேறு. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரயிலுக்குப் போக வேண்டியவர், "ஏம்மா, அந்தப் பாலத்தைப் பத்தி மிச்சத்தைத் திரும்பறப்ப சொல்றேன்னியே, சொல்லவே இல்லையே" என்றார். "ஆமா, சொல்லுங்க" என்று இளைஞனும் சொன்னான். குழந்தை இன்னும் அவன் மடியில்தான் இருந்தது. மகள் அந்த பஸ்ஸின் மைக்கைத் தேடி எடுத்து, ஊதிப் பார்த்துவிட்டு, ஆரம்பித்தாள். நகரத்து விளக்குகள் கீழே தெரிகிறவரைக்கும் சொன்னாள். திக்கியது. யாருக்கும் அவசரமில்லை.

"கவனிச்சியா?" என்றார் ஏலக்காரர் மனைவியிடம் ரகசியமாக. "இத்தனை வருஷம் நான் கத்தி அடக்கியிருக்கேன். இவ நின்னு அடக்குறா."

"கவனிச்சேன்."

"எனக்கு அது வராது."

"கையை அடியில வச்சு உக்காந்தீங்களே. அதுவும் பெருசுதான்."

நகரத்தில் இறங்கினதும் மகள் வாசலில் நின்று எல்லோரையும் வழியனுப்பினாள். முதலாளி குடையோடு வந்து காத்திருந்தார். ரயில்காரரைத் தடுத்து நிறுத்தி, ரொம்பச் சிரமமாகிவிட்டதா, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். "குறையா? இந்தப் பொண்ணு என்னிக்கு வரும்னு சொல்லுங்க, என் தம்பி குடும்பத்தை அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். மகள் அம்மா அப்பாவிடம் வந்து, "நீங்க போங்க. எ... எனக்கு இன்னும் வேலை இருக்கு" என்றாள். அவர்கள் போனார்கள்.

டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஏலக்காரர் சொன்னார்: "அடுத்த ஞாயிறு..."

"வேணாம்" என்றார் அம்மா. டீ வண்டிக்குப் பின்னால் மகள் சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னார். ஏழு வயதாகிவிடுவதையும் சொன்னார்.

அவர் ஏறுகிற வழியாக இல்லை. மூன்று பஸ் வந்து போனது.

"நான் வரேன்னு சொல்லல. வேற ஆளை அனுப்பலாம்னு சொல்ல வந்தேன்."

மறுநாள் சந்தையில் தக்காளி முடிந்து, வெங்காயம் முடிந்து, எல்லோரும் கலைகிற நேரத்தில் ஏலக்காரர் மறுபடி பெட்டி மேல் காலை வைத்தார். "மலைக்குப் போற பஸ்ஸு! ஒரே நாள்ல போயிட்டு ஒரே நாள்ல வரலாம்! கோஸு எப்படித் தொட்டில்ல இறங்குதுன்னு பார்க்காதவன் கோஸு வியாபாரம் பண்ணாதே!" என்று கூவினார். சிரித்தார்கள். ஆனாலும் வாரம் முடிவதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள், தராசுக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு சீட்டு வாங்கிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "அவ நிறுத்துற எடத்துல எவனாவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஏலம் முடிந்ததும் அவர் கைகூடக் கழுவவில்லை. பஸ் கிளம்புகிற இடத்துக்குப் போகாமல், அது மலைச்சாலைக்குத் திரும்புகிற தெருமுனையில், பூட்டிய மருந்துக்கடை ஓரமாகப் போய் நின்றார்.

பஸ் வந்தது. சிக்னலில் நின்றது. கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே முன்னால் மகள் நின்றிருந்தாள். நீலக் கோட்டைத் தோளில் பிடித்துத் தைத்திருந்தாள். மைக் வாயருகில் இருந்தது. அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது அவருக்குத் தெரிந்தது. தாடை இறுகியது. ஒரு வார்த்தை முட்டுகிறது.

அவள் எதிரே, சந்தையில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் வாயை மூடி அவர் பார்த்திராத அவ்வளவு பேரும், தராசுக்காரர் உட்பட, கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்னல் பச்சையானது. பஸ் மெதுவாகத் திரும்பி மலைச்சாலைப் பக்கம் போயிற்று. அது என்ன வார்த்தை என்று ஏலக்காரருக்குத் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்கு நடந்தார்.